டிரைவ்லைன் பிளையோகேர் எடைப் பந்துகள்: பிட்சரின் வேகமும் முழங்கையும்

உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சராக, அதாவது பந்தை எறிபவராக, ஆடும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, பந்தின் வேகத்தை மணிக்கு ஐந்து மைல் கூட்டித் தருவோம் என்று சொல்லும் விளம்பரங்கள் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிடுகின்றன. ரப்பர் பட்டைகள், மணிக்கட்டில் கட்டும் எடைகள், ஆறு வாரப் பயிற்சித் தொகுப்புகள், கைப்பேசிச் செயலிகள் என்று அந்த வரிசை நீளும். அவற்றுள் அதிகம் விற்பதும் அதிகம் வாதிடப்படுவதும், பயிற்சிக்காக வெவ்வேறு எடையில் செய்யப்படும் எடைப் பந்துகள்தாம். டிரைவ்லைன் நிறுவனத்தின் பிளையோகேர் பந்துகளை என் மகன் ஆட்டங்கள் இல்லாத ஒரு முழு ஆஃப் சீசனும் பயன்படுத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நாங்கள் டாலஸ் புறநகரில் வசிக்கிறோம்; மகனுக்கு வயது பதினாறு; வலக்கைப் பிட்சர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்துகள் நல்ல பந்துகள், சொன்ன வேலையைச் செய்கின்றன. ஆனால் எந்த வயதில், எந்த மாதத்தில், எத்தனை எறிகள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த வீட்டில்தான் இவை இருக்க வேண்டும்.

நாங்கள் வாங்கிய தொகுப்பில் ஐந்து பந்துகள் இருந்தன: பச்சை 1,000 கிராம், நீலம் 450, சிவப்பு 225, மஞ்சள் 150, சாம்பல் 100. 2,000 கிராம் எடையில் கறுப்புப் பந்து ஒன்றும் உண்டு. அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆட்டத்தில் பயன்படும் பேஸ்பால் 5 முதல் 5¼ அவுன்ஸ், அதாவது 142 முதல் 149 கிராம் எடையுள்ளது. ஆகவே மஞ்சள் பந்து கிட்டத்தட்ட அசல் பந்தின் எடை. சாம்பல் அதைவிட லேசு. மற்ற மூன்றும் கனம். நாம் ஆடி வளர்ந்த கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும் என்பதால், இந்தக் கணக்கில் அதுவும் ஓர் எடைப் பந்துதான். பிளையோகேர் பந்தின் மேலே மென்மையான பிளாஸ்டிக் உறை, உள்ளே மணல்போன்ற நிரப்பு. தையல் கிடையாது, ஆகையால் தையலின் மேல் விரல் வைத்துப் பிடிக்கும் நுணுக்கங்களுக்கு இதில் இடமில்லை. அழுத்தினால் சற்றே உள்வாங்கும். வியர்த்த கையிலும் வழுக்காது. சுவரில் மோதினால் அதிகம் எகிறாமல் காலடிக்கு அருகிலேயே விழும். தனியாகப் பயிற்சி செய்கிற பையனுக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய வசதி, ஏனென்றால் பந்தைத் துரத்திக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டியதில்லை.

டிரைவ்லைன், வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் கைல் பாடி என்பவர் தொடங்கிய நிறுவனம். பெரிய அணிகளில் ஆடிய பின்னணி இல்லாத ஒருவர் அதிவேகக் கேமராக்களையும் அளவைக் கருவிகளையும் நம்பித் தொடங்கிய வேலை, 2019இன் இறுதியில் தொழில்முறை அணியான சின்சினாட்டி ரெட்ஸ் அவரைப் பிட்சிங் பொறுப்புக்கு அழைக்கும் அளவுக்கு வளர்ந்தது. பயிற்சிமுறையை மூடி வைக்காமல் விரிவாக எழுதி வெளியிடுகிறார்கள் என்பது இந்நிறுவனத்தைப் பற்றி நான் மதிக்கும் செய்தி.

எடைப் பந்து எதற்கு என்று புரிய வேண்டுமானால், பிட்சரின் வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு வேகம் என்றவுடன் நீண்ட ஓட்டம்தான் நினைவுக்கு வரும். பிட்சருக்கு ஓட்டமே கிடையாது. 10 அங்குல உயர மண்மேடான மவுண்டின் மேல் பதித்த ரப்பர் பலகையில் ஒரு காலை வைத்து, நின்ற இடத்திலிருந்து 60 அடி 6 அங்குலம் தள்ளி, பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். முழங்கையை மடக்கி நீட்டத் தடையில்லை என்பது அவருக்குள்ள சலுகை. சோயிப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் வீசிய மிக வேகமான பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர், பேஸ்பால் பிட்சர் அரோல்டிஸ் சாப்மன் 2010 செப்டம்பர் 24 அன்று சான் டியேகோவில் எறிந்தது 105.8 மைல், அதாவது 170 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகத்தைத் தோள் மட்டும் உண்டாக்குவதில்லை. பின்கால் தள்ள, இடுப்பு முதலில் திரும்ப, மார்பு ஒரு கணம் பின்தங்கித் திரும்ப, முன்கால் தரையில் ஊன்றி முழங்கால் நிமிர்ந்து உடலைத் தடுத்து நிறுத்த, அப்படி நிறுத்தப்பட்ட உடலின் விசை தோள், முழங்கை, விரல் என்று ஏறிச் செல்கிறது. மார்பு முன்னே திரும்பும் அந்தக் கணத்தில் முன்கை பின்னோக்கிச் சாய்ந்து, தரைக்கு இணையாக மல்லாந்து கிடக்கும். அங்கிருந்து தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரி அளவில் இருப்பதாக ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். மனித உடல் செய்யும் அசைவுகளில் இதைவிட விரைவானது அரிது.

இங்கேதான் எடைப் பந்தின் வேலை வருகிறது. கனமான பந்தை உடலைவிட்டு விலகிய பாதையில் கொண்டுபோனால் தோள் அதை உடனே உணர்ந்துவிடும். ஆகையால் வாயால் சொல்லிக் கொடுக்க முடியாத சுருக்கமான பாதையைக் கை தானே தேடிக்கொள்கிறது. லேசான பந்தில் கை வழக்கத்தைவிட விரைவாகச் சுழல்கிறது. அந்த விரைவுக்கு உடல் பழகுகிறது. கருத்து புதியதன்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கூப் டிரென் 1980களிலும் 90களிலும் 4 அவுன்ஸ், 6 அவுன்ஸ் பந்துகளைக் கொண்டு செய்த ஆய்வுகளிலேயே வேகம் கூடுவது தெரிந்திருந்தது. அவர் அசல் எடையிலிருந்து 20 விழுக்காட்டுக்குள் நின்றுகொண்டார். இன்றைய தொகுப்போ அசல் எடையைப்போல் ஏழு மடங்கு வரை போகிறது. இந்த இடைவெளியை வாங்குகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பச்சையும் நீலமும் முழு வேகத்தில் எறிவதற்காகத் தரப்பட்டவை அல்ல. காலையும் இடுப்பையும் கட்டிப்போட்டுச் செய்யும் பயிற்சிகளுக்கானவை அவை.

அந்தப் பயிற்சிகளில் முதலாவது தலைகீழ் எறி. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பச்சைப் பந்தை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்து, உடலைத் திருப்பித் தோளின் பின்புறத் தசைகளால் பின்னோக்கி எறிய வேண்டும். பந்தை விட்ட பிறகு கையைப் பிடித்து நிறுத்துகிற வேலை அந்தப் பின்புறத் தசைகளுடையது. வழக்கமான பயிற்சியில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. அடுத்து, இரண்டு பாதங்களையும் அசைக்காமல் மேலுடலை மட்டும் திருப்பி எறிவது. அதற்குப் பின், பக்கவாட்டில் நகர்ந்துவந்து எறிவது. கால்களை அகட்டி முன்னும் பின்னும் ஊசலாடி எறிவது. கடைசியில் நடந்துவந்து எறிவது. ஒவ்வொன்றிலும் கனமான பந்தில் தொடங்கி லேசான பந்துக்கு இறங்க வேண்டும். இந்த வரிசை அழகாக யோசிக்கப்பட்டிருக்கிறது: முதலில் கை மட்டும், பிறகு மார்பு, பிறகு இடுப்பு, பிறகு கால் என்று உடலின் ஒவ்வொரு பாகமும் ஆட்டத்துக்குள் சேர்கிறது, பாகங்கள் சேரச் சேரப் பந்தின் எடை குறைகிறது.

பாதங்களை ஊன்றி எறியும் பயிற்சியில்தான் என் மகனிடம் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது முழங்கையை முழுக்க நீட்டிவிடுவான். மார்பு திரும்பிய பிறகும் கை வந்து சேராமல் பின்தங்கும். பந்து வலப்பக்கம் உயரமாக விலகிப் போகும். பள்ளிக் கோச் இதை ஓர் ஆண்டாகச் சொல்லிவந்தார், அவனும் தலையாட்டிவந்தான். நீலப் பந்தில் அப்படி நீட்டினால் எறியவே முடியவில்லை. பந்து பின்னால் இழுக்க, சுவரில் குறித்த கட்டத்துக்கு ஓரடி வலப்புறம் போய் மோதி விழும். கை மடங்கிய நிலையிலேயே பின்னே போய் முன்னே வந்த நாள்களில் கட்டத்துக்குள் விழும். அப்போது எழும் ஓசையே வேறு, நெல் மூட்டையைத் தடியால் அடித்தது போன்ற கனத்த ஒற்றை ஓசை. சில வாரங்களில் அவன் சுவரைப் பார்க்காமல் ஓசையை வைத்தே எறி சரியா தவறா என்று சொல்லத் தொடங்கினான். கோச்சின் சொல்லுக்கு அசையாத ஒரு பழக்கத்தை 450 கிராம் மணல் திருத்தியதை நான் இந்தப் பொருளின் முதல் வெற்றியாகக் கருதுகிறேன். வேகம் அதற்குப் பிறகு வந்தது.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொகுப்பின் உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க வீட்டின் உட்சுவர் ஜிப்சம் பலகை. நீலப் பந்து அதில் ஓர் எறிக்கே ஓட்டை போட்டுவிடும். கராஜின் பக்கச் சுவரில் மரத்தூண்களோடு சேர்த்து முக்கால் அங்குலப் பிளைவுட்டைத் திருகி, அதன் மேல் குதிரை லாயங்களில் தரையில் விரிக்கும் தடித்த ரப்பர் பாயைத் தொங்கவிட்டோம். காரை வெளியே நிறுத்தும்படி ஆயிற்று. ஓசை வீடு முழுவதும் கேட்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பள்ளி மைதானத்திலோ பயிற்சிக் கூடத்திலோ சுவர் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு வாங்குவது நல்லது.

மற்றொரு மறைமுகச் செலவு ரேடார். அளக்காமல் வேகப் பயிற்சி செய்வதில் பொருளில்லை. பையன்களுக்கு எண்ணைப் பார்த்தால்தான் முழு முனைப்பு வரும் என்பதும் உண்மை. சட்டைப் பைக்குள் அடங்கும் பாக்கெட் ரேடார் வகைக் கருவியே வீட்டுக்குப் போதுமானது. ஒரு மைல் முன்பின்னாகச் சரியாகக் காட்டும். ஆனால் எங்கே நின்று அளப்பது என்பதில் பல பெற்றோர் கோட்டைவிடுகிறார்கள். ரேடார் தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டுமே பார்க்கும்; பந்து செல்லும் கோட்டுக்கு 20 டிகிரி விலகி நின்று அளந்தால் காட்டும் எண் ஆறு விழுக்காடு குறைந்துவிடும். 78 மைல் பந்து 73 என்று தெரியும். ஒரு வாரம் ஓரமாக நின்றும் அடுத்த வாரம் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு நேர் பின்னால் நின்றும் அளந்தால், பயிற்சியே இல்லாமல் ஐந்து மைல் கூடிவிடும்! விளம்பரங்களில் வரும் முன்பு, பின்பு எண்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருப்பதில்லை. ஒரே இடம், ஒரே பந்து, ஒரே மாதிரியான தயாரிப்பு என்று வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும்.

அப்படி அளந்ததில், இலையுதிர் காலத்தில் 76 மைலில் நின்ற மகனின் ஃபாஸ்ட்பால், அதாவது முழு வேகப் பந்து, சீசன் தொடக்கத்தில் 79ஐத் தொட்டது. மூன்று மைல். இந்த மூன்றையும் பந்துக் கணக்கில் எழுதிவிட நான் தயாராக இல்லை. அதே மாதங்களில் அவன் உயரமானான், எடை கூடினான், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் டெட்லிஃப்டும் ஸ்க்வாட்டும் ஒழுங்காகச் செய்தான். எடைப் பந்து ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒன்று 2018இல் வெளியானது. மைக் ரெய்னால்ட் என்ற இயன்முறைச் சிகிச்சையாளரும், பர்மிங்ஹாமிலுள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கிளென் ஃபிளைசிக், ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் முதலியோரும் செய்தது. 13 முதல் 18 வயது வரையிலான 38 பிட்சர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு வாரம் 2 முதல் 32 அவுன்ஸ் பந்துகளைக் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் வேகம் சராசரியாக 3.3 விழுக்காடு கூடியது; 76 மைல் பையனுக்கு அது இரண்டரை மைல். எங்கள் வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று மகிழலாம்தான். ஆனால் எடைப் பந்தைத் தொடாத குழுவிலும் பாதிப் பேருக்கு மேல் வேகம் கூடியிருந்தது. வளரும் வயதில் அது இயல்பு.

அந்த ஆய்வின் மறுபாதி இன்னும் முக்கியமானது. எடைப் பந்துக் குழுவில் 24 விழுக்காட்டினருக்கு, அதாவது நால்வருக்கு, முழங்கைக் காயம் ஏற்பட்டது. நால்வரில் இருவருக்குப் பயிற்சியின்போதே, மற்ற இருவருக்கு அதைத் தொடர்ந்த சீசனில். மற்ற குழுவில் ஒருவருக்கும் இல்லை. தோள் பின்னோக்கிச் சாயும் கோணம் அக்குழுவினரிடம் நான்கு டிகிரிக்கு மேல் கூடியிருந்ததையும் கண்டார்கள். கூடிய கோணம் வேகத்துக்கு உதவுகிறது; அதே கோணம் முழங்கையின் உட்புறத்தை இன்னும் இழுக்கிறது. ஆக, வேகமும் காயமும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. அந்த ஆய்வில் பின்பற்றிய முறையும் டிரைவ்லைன் முறையும் ஒன்றல்ல, 38 பேர் சிறிய எண்ணிக்கை என்று வாதிடுவோர் உண்டு; இரண்டும் நியாயமான வாதங்கள். ஆயினும் 32 அவுன்ஸ் பந்து ஏறத்தாழ 900 கிராம், அதாவது நம் பச்சைப் பந்தைவிடச் சற்றே லேசு என்பதை நினைத்துப் பார்த்தால், அதைக் கையில் கொடுத்து ஓடிவந்து எறியச் சொல்ல எனக்கு மனம் வராது.

முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்தால் செய்யப்படும் சிகிச்சைக்கு டாமி ஜானின் பெயரே நிலைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பிட்சரான அவருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974 செப்டம்பர் 25 அன்று முதன்முதலாக அதைச் செய்தார். 1976இல் ஆட்டத்துக்குத் திரும்பிய டாமி ஜான், தம் 288 வெற்றிகளில் 164ஐ அதற்குப் பிறகே பெற்றார். இந்தக் கதையின் பிற்பகுதி மட்டும் பையன்களின் காதில் விழுந்து, அறுவை செய்துகொண்டால் வேகம் கூடும் என்ற மூடநம்பிக்கையாக உலவுகிறது. என் மகனின் அணியிலேயே அப்படி நம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பால் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 200க்கும் மேற்பட்டோரைக் கேட்டறிந்து, காயங்கள் பெருகுவதற்கு வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு வலிமையோடு எறிவதுமே முதன்மையான காரணங்களாகத் தெரிகின்றன என்று கூறியது. 2008இல் 91.3 மைலாக இருந்த சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் 2024இல் 94.2 ஆகிவிட்டது. மேலே உள்ளவர்கள் அப்படி எறியும்போது, கல்லூரி வாய்ப்பை எதிர்பார்க்கும் பிள்ளையிடம் வேகம் முக்கியமில்லை என்று சொல்வது வெறும் உபதேசமாகப் போய்விடும். அதனால்தான் இந்தப் பொருளை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதுகிறேன்.

வயதைப் பற்றி என் கருத்து கறாரானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தோளிலும் முழங்கையிலும் எலும்பு வளரும் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. தசைநாரைவிட அந்தத் தட்டுகளே பலவீனமானவை. சிறுவர் பேஸ்பால் லீகின் பெயரால் லிட்டில் லீக் தோள், லிட்டில் லீக் முழங்கை என்று மருத்துவர்கள் பெயரிட்டு அழைக்கும் காயங்கள் அங்கே நேர்பவை. அந்த வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொகுப்பை வாங்கித் தரவே கூடாது. சாப்பாடும் தூக்கமும் ஓட்டமும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மைலைத் தாமாகவே தரும். பதினைந்து, பதினாறுக்கு மேல், வளர்ச்சி ஓரளவு நின்று, கையில் வலியில்லாமல் ஒரு சீசனை முடித்த பிள்ளைக்குப் பொருந்தும். எலும்பு முதிர்ச்சியில் ஐயம் இருந்தால் விளையாட்டு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம்.

காலத்தைப் பற்றியும் அதே கறார். அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் மேஜர் லீகும் சேர்ந்து வெளியிட்டுள்ள பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்களின்படி 15, 16 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 75க்கு மேல் போனால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதம் போட்டிகளில் பிட்சிங் செய்வதற்கு விடுமுறை. டெக்சாஸின் வெயிலில் ஆண்டு முழுவதும் ஆட முடியும் என்பதால் இந்த விடுமுறை இங்கே பெரும்பாலும் ஏட்டோடு சரி: வசந்தத்தில் பள்ளி அணி, கோடையில் கிளப் அணி, இலையுதிர் காலத்தில் கண்காட்சி ஆட்டங்கள். ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தின் பல சுற்றுகளில் ஒன்றே ஓர் இன்னிங்ஸ்) மேல் எறிந்த சிறுவர்களுக்குக் கடுமையான காயம் மூன்றரை மடங்கு அதிகம் என்று ஃபிளைசிக்கின் பத்தாண்டு ஆய்வு 2011இல் காட்டியது. ஆட்டத்தில் எறியும் பந்துகளைக் கோச் எண்ணுகிறார். கராஜில் எறியும் பந்துகளை எண்ண யாரும் இல்லை. எங்கள் வீட்டில் சுவரருகே ஒரு பலகையைத் தொங்கவிட்டு, நிறவாரியாக எத்தனை எறிகள் என்று எழுதச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தவன் பிறகு அதையே பெருமையாகக் காட்டத் தொடங்கினான். சீசன் தொடங்கியதும் பச்சையும் நீலமும் அலமாரிக்குள் போய்விட்டன. ஆட்டத்துக்கு முன் உடலைத் தயார்செய்ய மஞ்சளும் சிவப்பும் மட்டும், அதுவும் பாதி முனைப்பில்.

இந்தக் கருவியைத் தவறாகக் கையாளும் இடங்களும் இருக்கின்றன. எங்கள் பகுதியிலுள்ள ஒரு பயிற்சிக் கூடத்தில் ஆறு வார வேகத் தொகுப்பு என்று பணம் கட்டிச் சேர்த்தோம். பதின்மூன்று வயதுச் சிறுவனும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் ஒரே வரிசையில் நின்று, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ரேடாருக்கு முன் ஓடிவந்து முழு வலிமையோடு எறிய, எண்ணைச் சுவர்த் திரையில் பெரிதாகக் காட்டிக் கைதட்டினார்கள். முந்தைய நாள் ஆட்டத்தில் எத்தனை பந்து எறிந்தாய் என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்கவில்லை. மகன் ஒரு நாள் காரில் ஏறும்போது, "அப்பா, முழங்கை உள்பக்கம் லேசா பிடிக்குது" என்றான். அன்றோடு நிறுத்திவிட்டோம். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். நல்ல வேளையாக வலி ஓய்வில் சரியாகிவிட்டது. டாமி ஜான் சிகிச்சைக்கு நாடெங்கும் பெயர்பெற்ற கீத் மைஸ்டர் போன்ற மருத்துவர் பக்கத்து ஆர்லிங்டனிலேயே இருக்கிறார் என்பது ஆறுதல் அல்ல. அவரிடம் போக வேண்டியிராத வகையில் பயிற்சி அமைவதுதான் பெற்றோருக்கு வேண்டியது. கூடத்தில் சேர்ப்பதாக இருந்தால், முதல் நாளிலேயே பிள்ளையின் எறிதல் வரலாற்றையும் தோளின் அசைவு எல்லையையும் கேட்டு எழுதுகிறார்களா என்று பாருங்கள். எழுதாத இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டாம்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலியில் மாட்டி இழுக்கும் ரப்பர் பட்டைகள் விலை மலிவு, தீங்கு குறைவு. வேகத்தைக் கூட்டாது, ஆனால் தோளைத் தயார்செய்யும். எந்த வயதுப் பிள்ளைக்கும் முதலில் வாங்கித் தர வேண்டியது அதுவே. தூரத்தைப் படிப்படியாகக் கூட்டி எறியும் லாங் டாஸுக்கு ஒரு பந்தும் ஒரு துணையும் போதும். மணிக்கட்டு எடைகளை நாங்கள் பயன்படுத்தவில்லை. கையில் செலவழிக்கப் பணம் குறைவாக இருந்து, பிள்ளை ஒல்லியாகவும் இருந்தால், எடைப் பந்தைத் தள்ளிப்போட்டு அந்தப் பணத்தை உடற்பயிற்சிக் கூடத்துக்கும் முட்டை, பருப்பு, கோழிக்கும் செலவழிப்பதையே பரிந்துரைப்பேன். முன்கால் முழங்கால் நிமிர்ந்து உடலை நிறுத்துவதற்குத் தொடையில் வலு வேண்டும். அந்த வலு இல்லாத பிள்ளை எந்த நிறப் பந்தை எறிந்தாலும் கையால் மட்டுமே எறிவான்.

வாங்க முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். இதே நிறங்களில், இதே எடைகள் அச்சிடப்பட்ட போலித் தொகுப்புகள் இணையக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. நண்பர் ஒருவர் வாங்கிய பெயர் தெரியாத தொகுப்பில், சிவப்புப் பந்தின் உறை ஒட்டிய இடத்தில் பிளந்து கராஜ் முழுவதும் மணல் கொட்டியது. 1,000 கிராம் என்று அச்சிட்ட பந்தைச் சமையலறைத் தராசில் வைத்தால் 900ஐக்கூடத் தொடவில்லை. எடைதான் இந்தப் பொருளின் முழுப் பயன் என்பதால், எதை வாங்கினாலும் வந்த அன்றே தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் பிளையோகேர் பந்துகள் அச்சிட்ட எடைக்கு ஒத்தே இருந்தன. ஓராண்டாகியும் உறை பிளக்கவில்லை. சொரசொரப்பான செங்கல் சுவரில் எறிந்த மஞ்சள் பந்தில் மட்டும் மேல்தோல் உரிந்திருக்கிறது. அழுக்கேறினால் சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். கோடையில் காரின் பின்பக்கத்தில் போட்டு வைக்க வேண்டாம். டெக்சாஸ் வெயிலில் உறை பிசுபிசுத்துவிடும். முழுத் தொகுப்பும் தேவையா என்று தயங்குபவர்கள் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் தனியாக வாங்கித் தொடங்கலாம். பச்சையை அடுத்த ஆஃப் சீசனில் சேர்த்துக்கொள்ளலாம்.